பட்டை குடித்த ஸ்பிரிட்

கல்லூரியில் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். கடுகளவு பொடியை உள்ளே வைத்தால் அது என்ன பொருள் என்று கோடு கோடாகப் படம் போட்டுக் கொடுத்துவிடுமாம். அந்த மெஷின் இருக்கும் அறைக்கு டாக்டர் லூர்து மேரி அம்மாவின் பெயரை வைக்கப் போகிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர். அம்மாவோடு வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று தேடி, கடைசியில் இரண்டு இளம் லெக்சரர்கள் மோட்டார் சைக்கிளில் கோட்டைப்பட்டினத்துக்கே வந்து என்னைப் பிடித்துவிட்டார்கள்.

"அம்மாவோட எளிமை, தியாகம், கடின உழைப்பு, இதப்பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க பாய்" என்றார் ஒருவர். இன்னொருவர் கல்வெட்டில் பொறிக்கப்போகும் வாசகத்தைக் காட்டினார். 'தமது ஆழ்ந்த நுண்ணறிவால் சரியான கரைப்பானைத் தேர்ந்தெடுத்து, வேலம்பட்டையின் மூலப்பொருளை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்த கரிம வேதியியல் முன்னோடி' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, என் மருமகள் சுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. வந்தவர்கள் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

எளிமையையும் தியாகத்தையும் வேறு யாராவது எழுதட்டும். நான் அந்தக் கரைப்பானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தது நாற்பத்தெட்டில். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். ராஜாவின் ஊழியனாக விண்ணப்பம் போட்டு, சர்க்கார் ஊழியனாக உத்தரவு வாங்கினேன். அதுவும் தற்காலிக உத்தரவு. முதல் இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கண்ணாடிச் சாமானை ஒரு சொட்டு நீர் கூட ஒட்டாமல் கழுவ வேண்டும். மாணவன் உடைத்த பீக்கர் எப்போதும் தானாகவே உடைந்திருக்கும்.

மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த கையோடு மதுவிலக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. கள்ளுக்கடைகளை மூடியதில் எங்கள் லேபுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ரெக்டிபைடு ஸ்பிரிட் என்று ஒன்று உண்டு. அது சாராயத்துக்கு அண்ணன். அது இல்லாமல் கெமிஸ்ட்ரி நடக்காது. எனவே கல்லூரிக்கு ஒரு பெர்மிட் கொடுத்தார்கள். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அதற்கு ஒரு அலமாரி, அலமாரிக்குப் பூட்டு, எடுப்பதையும் திருப்பி ஊற்றுவதையும் குறிக்க ஒரு ரிஜிஸ்தர் எல்லாம் வந்தன. சாவியை யாரிடம் கொடுப்பது என்று பிரின்சிபால் கூட்டம் போட்டார். ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் தொண்டையைச் செருமினார். கடைசியில் கணக்கு வாத்தியார்தான் வழி சொன்னார்.

"சாவியச் சேகு மைதீன்கிட்ட குடுத்துருங்க. அவுக மார்க்கத்துலயே குடி கூடாதுல்ல?"

இப்படியாக என் மார்க்கம் என் உத்தியோகத்துக்கு ஒரு தகுதியாயிற்று. ஊருக்குப் போனபோது என் வாப்பா கேட்டார். அவர் கடலில் வலை போடுகிறவர்.

"காலேஜுல என்னப்பா வேலை?"

"சாராயத்துக்குக் காவல் வாப்பா."

"இதுக்கா பத்தாவது வரைக்கும் படிக்க வச்சேன்?" என்று மட்டும் கேட்டார்.

இந்த நிலைமையில்தான் லூர்து மேரி அம்மா வந்தார். சொந்த ஊர் ஆவூர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மதராஸில் படித்து, எங்கள் கல்லூரியின் முதல் பெண் லெக்சரராக வந்தார். ஆசிரியர்கள் அறையில் அவருக்கு நாற்காலியை எங்கே போடுவது என்று மூன்று மாதம் பேசியும் முடிவாகவில்லை. ஜன்னல் ஓரம் போட்டால் வெளியே தெரியும், நடுவில் போட்டால் ஆண்கள் சத்தமாகப் பேச முடியாது. அம்மா காத்திருக்கவில்லை. லேபில் ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலை எட்டு மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை அங்கேயே இருந்தார். அவருடைய கடின உழைப்பைப் பற்றி மலரில் எழுதுகிறவர்கள் அந்த நாற்காலி கிடைக்காத விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் பழக்கதோஷத்தில் அவரையும் 'சார்' என்றே கூப்பிட்டார்கள். அவர் திருத்தவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்.

"கொஞ்சம் சூடா இருக்கும்மா" என்று ஒருநாள் சொன்னேன்.

"கொஞ்சம்னா எத்தனை டிகிரி?"

"கொஞ்சம் கழிச்சு எடுக்கட்டுமாம்மா?"

"கொஞ்சம்னா எத்தனை நிமிஷம், சேகு?"

கை ஓங்கமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். பதில் எண்ணாக இருந்தால்தான் பார்வையை எடுப்பார். அந்த வியாதி எனக்கும் தொற்றி, வீட்டில் என் மனைவி குழம்பை ருசி பார்த்துவிட்டு "ஆணத்துல உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி வேலம்பட்டை. எங்கள் சீமையில் மழை இல்லாவிட்டாலும் வேலமரம் உண்டு. அதன் பட்டையைத் தோல் பதனிடுகிறவர்கள் வாங்கினார்கள். வாய்ப்புண்ணுக்குக் கொதிக்கவைத்துக் கொப்பளித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் ஊறலில் போட்டார்கள். "இத்தனை பேருக்கு உதவுது. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாம எப்படி விடுறது?" என்றார் அம்மா. மதுவிலக்குக் காலத்தில், பூட்டிய அறைக்குள், வேலம்பட்டையையும் ஸ்பிரிட்டையும் ஒன்றாகப் போட்டு வடிக்கிற ஒரு லேப் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தோன்றும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

வேலை இதுதான். பட்டையை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, ஒரு வாரம் ஸ்பிரிட்டில் ஊறப்போட வேண்டும். வடிகட்டிய சாற்றை வெந்நீர்த் தொட்டிமேல் வைத்துச் சூடாக்கினால் ஸ்பிரிட் ஆவியாகி, குழாய் வழியே குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் திரும்பி வரும். வந்ததை ஜாடியில் ஊற்றி ரிஜிஸ்தரில் வரவு வைப்பேன். அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று தங்கும். அந்தப் பாகுக்குள்தான் பட்டையின் மூலப்பொருள் ஒளிந்திருந்தது. பாகில் ஒரு கரண்டியைச் சூடான ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டி, பீக்கரில் மூடிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறும்போது படிகம் படிந்தால் சுத்தமான பொருள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். படியாவிட்டால் மறுபடியும் பாகு.

பதினாலு மாதம் பாகுதான். படிகம் படியத் தூண்டுவதற்கென்று பீக்கரின் உள்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டுவார்கள். அம்மா மணிக்கணக்கில் சுரண்டுவார். கிறீச் கிறீச்சென்று பல் கூசும். அடுத்த அறைப் பூகோள வாத்தியார் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு மாணவர்களை வரைபடம் வரையச் சொல்லிவிடுவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வருவார். கையில் பத்துக் கோடு போட்ட ஒரு மூங்கில் குச்சி. அதை ஜாடிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எத்தனையாவது கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, ரிஜிஸ்தரோடு ஒப்பிடுவார்.

"ரிஜிஸ்தர்ல எட்டு. ஜாடியில ஏழு. ஒரு கோடு எங்கிட்டுப் போச்சு?"

"பட்டை குடிச்சிருச்சுங்கய்யா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இடித்த பட்டைத்தூள் ஸ்பிரிட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை பிழிந்தாலும் முழுசாகத் திரும்பி வராது.

இன்ஸ்பெக்டர் குச்சியைத் துடைத்தார். "இருவது வருஷமாப் போலீஸ்ல இருந்தவன் நான். தான் குடிச்சுட்டு மச்சான் மேல பழி போட்டவனப் பாத்திருக்கேன். மாடு குடிச்சிருச்சுன்னு சொன்னவனயும் பாத்திருக்கேன். மரம் குடிச்சிருச்சுன்னு சொன்ன மொத ஆளு நீதான்."

அம்மா வந்து விளக்கினார். ஒரு படி தூளுக்கு எத்தனை அவுன்ஸ் நின்றுபோகும் என்று எண்களோடு சொன்னார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அம்மா படிச்சவுக, ஒங்கள ஏமாத்துறது சுலுவு" என்று சொல்லி என்னைப் பார்த்தார். குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவ கொறஞ்சா நேரா கேஸுதான்" என்றார்.

என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவுக்கு அவருடைய திருப்திக் கையெழுத்தும் வேண்டும். ஐந்தாவது வருஷமாகத் தற்காலிகத்தில் இருந்தேன். வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கு மனைவி முழுகாமல் இருந்தாள். எனவே எனக்கு மூளை வேலை செய்தது. அவர் டீ குடிக்கும் நேரத்தில் அந்தக் குச்சிக்கு ஒரு நகல் செய்து அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு முதல் நாள் அளந்து பார்த்தேன். ரிஜிஸ்தரில் எட்டுக் கோடு. ஜாடியில் ஐந்தரை. பட்டை அந்த மூன்று மாதமும் மொடாக்குடி குடித்திருந்தது.

கதவைச் சாத்தினேன். பால்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். அதிலும் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. லேபில் வடித்து வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரைத்தான் ஊற்றினேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் குச்சியை விட்டு எடுத்தார். எட்டாவது கோட்டில் ஈரம் மினுமினுத்தது. மோந்து பார்த்தார். ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைத்தது. 'மிகவும் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாத்தியா, பட்டைய மெரட்டி வச்சா அதுவும் கேக்குது" என்றார். தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் கருவி அவரிடம் இல்லை. சட்டம் அளவைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தது.

அன்று பிற்பகல் அம்மா அதே ஜாடியிலிருந்து ஒரு பிளாஸ்க் எடுத்தார். பாகைக் கரைத்தார். வழக்கம்போல மூடிவைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து நான் லேபைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்தவர் பீக்கரைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"சேகு, கதவைச் சாத்துங்க. காத்து வேணாம்."

பீக்கரின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள். மயிரிழை போல மெல்லியவை, ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. அம்மா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணும் நிறைந்திருந்தது. "பதினாலு மாசம், சேகு" என்றார்.

ஊசிகளை உலர்த்தி, மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்து, தெர்மாமீட்டரோடு கட்டி, எண்ணெயில் அமிழ்த்திச் சூடேற்றினார். அழுக்கான பொருள் தயங்கித் தயங்கி உருகும். சுத்தமான பொருள் ஒரே டிகிரியில் பட்டென்று உருகிவிடும். அது பட்டென்று உருகியது. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று தனித்தனியாக எண்ணைப் படித்துத் தாளில் எழுதி ஒப்பிட்டோம். எண் ஒத்துப்போனது.

நான் ஊற்றிய தண்ணீரையும் மீறிப் படிகத்தை வரவழைத்துவிட்டாரே, இவர் எவ்வளவு பெரிய ஆள் என்று அன்றைக்கு நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஜாடி தீரும்வரை வேலை நடந்தது. ஒரு தீப்பெட்டி நிறையப் படிகம் சேர்ந்தது. ரெக்டிபைடு ஸ்பிரிட்டில் கரைத்துப் படியவைத்ததாகக் கட்டுரை எழுதி ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினார் அம்மா. நாலு மாதம் கழித்து மதராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தத் துறையில் பெரிய பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவரிடம்தான் கட்டுரையைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள். சொன்னபடியே மூன்று முறை செய்து பார்த்தும் தமக்குப் பாகுதான் கிடைத்தது என்றும், இந்த அபூர்வமான சோதனையை நேரில் வந்து காண விரும்புவதாகவும் எழுதி, ஒரு நகலைப் பிரின்சிபாலுக்கும் போட்டிருந்தார்.

அம்மா படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். "பொய்னு எழுதலை. எழுதியிருந்தா பதில் சொல்லலாம்" என்றார்.

பிரின்சிபால் அதே கடிதத்தைப் படித்துப் பூரித்துப்போனார். மதராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் நம் கல்லூரியின் அபூர்வமான சோதனையைக் காண வருகிறாரே! அன்றே அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்தார். பந்தல், வாழைமரம், வரவேற்புப் பத்திரம், சிற்றுண்டி. ஊரில் உள்ள எல்லா அதிகாரிக்கும் முன் வரிசையில் நாற்காலி. மூன்று வாரம் இருந்தது.

இதற்குள் பெர்மிட்டில் புது ஸ்பிரிட் வந்திருந்தது. நானே சீல் உடைத்து ஜாடியை நிரப்பினேன். அம்மா ஒத்திகை பார்த்தார். பாகு. மறுபடி செய்தார். பாகு. பட்டை வேறாக இருக்குமோ என்று, முதலில் பட்டை எடுத்த அதே மரங்களுக்கு என்னை அனுப்பினார். அவை ஆவுடையார்கோவில் போகும் பாதையில் இருந்தன. சைக்கிளில் ஒரு சாக்குப் பட்டையோடு திரும்பி வரும்போது மதுவிலக்குச் சாவடியில் மறித்தார்கள்.

"எந்த ஊரு ஊறலுக்கு?"

"காலேஜுக்குங்க. எங்க அம்மா கேட்டாக."

"ஒங்க அம்மா எத்தன வருஷமாக் காச்சுறாக?"

சாயங்காலம் பிரின்சிபாலின் சீட்டு வந்த பிறகுதான் விட்டார்கள். அந்தப் பட்டையிலும் பாகுதான் வந்தது.

ஆசிரியர்கள் அறையில் பேச்சு கிளம்பியது. படிகம் எங்கேயோ வாங்கியது என்றார் ஒருவர். நாற்காலி போடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்றார் இன்னொருவர். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே இருந்தார். கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோனார். ஒருநாள் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒரு தடவை வந்தது மறுபடி வரலைன்னா, அது வரவே இல்லைன்னுதான் ஒலகம் சொல்லும். இன்னொருத்தர் கட்டுரையை நான் சரிபார்த்தா நானும் அப்படித்தான் சொல்லுவேன், சேகு."

அன்று ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். சுடர் குப்பென்று நீலமாக நின்றது. போன ஜாடியில் இதே விளக்கு படபடவென்று பொரிந்து அணைந்து அணைந்து போனதும், நான் திரியைக் குறை சொன்னதும் ஞாபகம் வந்தது. தீக்குச்சி விரலைச் சுடும்வரை அப்படியே நின்றேன். பட்டை அதே பட்டை. பீக்கர் அதே பீக்கர். அம்மாவின் கை அதே கை. மாறியது ஒன்றே ஒன்றுதான். அதை மாற்றியவன் நான்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். நான் சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. பெர்மிட் ஸ்பிரிட்டில் கை வைத்தவன் என்று தெரிந்தால் வேலை போகும், கேஸும் வரும். என் நிரந்தர உத்தரவு பிரின்சிபால் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த இரண்டு நாளும் கிறீச் கிறீச் என்ற சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை முடியவில்லை.

"அம்மா, போன ஜாடியில நான் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டேம்மா."

கண்ணாடிக் குச்சி நின்றது. வெளியே பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே போ என்பார், பிரின்சிபாலைக் கூப்பிடுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ரெண்டரைக் கோடும்மா."

"எந்தக் கோடு?"

அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு என் திருட்டுக் குச்சியை எடுத்து நீட்டினேன். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அளவுக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். ஜாடியைக் காலி செய்து, கழுவி, ஒவ்வொரு கோட்டுக்கும் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று நான் ஊற்ற அவர் எழுதினார். மத்தியானம் வரை அதுதான் வேலை. கணக்கு முடிந்தது. பதினாறு பங்கில் ஐந்து பங்கு தண்ணீர்.

அதே அளவில் கலந்து, பாகைக் கரைத்து வைத்தார். இரண்டு நாள் மணி எண்ணிக் காத்திருந்தோம். ஊசிகள் வந்தன.

சுத்தமான ஸ்பிரிட்டில் அந்தப் பொருள் சௌகரியமாகக் கரைந்து கிடந்திருக்கிறது. தண்ணீர் சேர்ந்ததும் உள்ளே இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது. இதை அம்மா எனக்கு விளக்கிய பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எதுக்கு ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"அப்பவே ஏன் சொல்லலை?"

"வேலை போயிரும்னு பயம்மா."

"எனக்கும் ரெண்டு வாரமா அதே பயம்தான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விழா நாள் வந்தது. மதராஸ் பேராசிரியர் ஒல்லியான மனிதர். மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிரின்சிபால் முக்கால் மணி நேரம் வரவேற்றார். அதில் பெண் கல்வியும் மதுவிலக்கும் தலா இருபது நிமிஷம். முன் வரிசையில் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார், மடியில் குச்சி. பிறகு பேராசிரியரும் அதிகாரிகளும் லேபுக்குள் வந்தார்கள்.

அம்மா எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அளவுக் குழாயில் தண்ணீரை எடுத்து ஸ்பிரிட்டில் ஊற்றினார்.

"உங்க கட்டுரையில தண்ணீர் இல்லையே?" என்றார் பேராசிரியர்.

"இல்லைங்க. அது என் தவறு. அந்த ஜாடியில தண்ணீர் சேர்ந்திருந்தது அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் அளந்தேன். திருத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

"எப்படிச் சேர்ந்தது?"

இன்ஸ்பெக்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அம்மா ஒரு விஷயத்தைத் தோராயமாகச் சொன்னதை நான் கேட்டதே இல்லை. பொய் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

"ஸ்பிரிட் குறைஞ்ச அளவுக்குத் தண்ணீர் ஊத்தப்பட்டிருந்தது. என் லேபில் நடந்தது, பொறுப்பு என்னுடையது" என்றார்.

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். "கொறஞ்சுச்சா? பூட்டுன அலமாரியில எப்படிங்க கொறயும்?"

பேராசிரியர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "பட்டைத்தூள் ஸ்பிரிட்டைக் குடிக்கத்தானே செய்யும்? எங்க லேபில் இதைவிட அதிகமாகக் குடிக்கிறது. இதுகூடத் தெரியாமலா பரிசோதனைக்கு வர்றீங்க?"

"தெரியுங்கய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "பட்டைதான் குடிக்குதுன்னு மொதமொத இந்தப் பாய்கிட்டச் சொன்னதே நான்தான்."

அடுத்த முறை வந்தபோது அவரே ரிஜிஸ்தரில் ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டு, தலைப்பில் 'பட்டை குடித்தது' என்று எழுதினார். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பத்தி இருந்தது. பட்டை ஆராய்ச்சி நின்றுபோன வருஷங்களிலும் அதில் ஏதாவது எழுதப்பட்டு வந்தது.

அதிகாரிகள் சிற்றுண்டிக்குப் போனார்கள். பேராசிரியர் போகவில்லை. சீக்கிரம் ஆறட்டும் என்று பீக்கரைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இறக்கி வைத்து, அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு முதல் ஊசி தெரிந்தது. சிறிது நேரத்தில் அடி முழுக்க நிறைந்தது. அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"மூணு தடவை செஞ்சு பார்த்தேன். எனக்குத் தண்ணீர் ஊத்தத் தோணலை."

"எனக்கும் தோணலைங்க" என்றார் அம்மா. "இவருக்குத்தான் தோணுச்சு. சேகு மைதீன்."

பேராசிரியர் என்னையும் கும்பிட்டார். நான் மேஜையைத் துடைக்கத் தொடங்கினேன்.

கட்டுரை திருத்தத்தோடு வெளிவந்தது. அதன் கடைசியில் 'கரைப்பானைத் தயாரித்ததற்காகத் திரு. சேகு மைதீனுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பொருளின் அமைப்பை அம்மா அடுத்த ஏழெட்டு வருஷம் உடைத்து உடைத்துக் கண்டுபிடித்தார். அதற்கு டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு புங்கை, நுணா என்று எங்கள் சீமை மரம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அவரிடம் படிக்க ஆவூரிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அறுபதுகளில் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். ஆசிரியர்கள் அறையில் அவருக்கு நாற்காலி போட்டது அதற்கு முந்தின மாதம்.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். விழா முடிந்த வாரம் என் நிரந்தர உத்தரவுக்கு அம்மாவின் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். 'நேர்மையானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். என்னால் வாங்க முடியவில்லை.

"நான் செஞ்சது தெரிஞ்சும் எப்படிம்மா இப்படி எழுதுனீங்க?"

"ஊத்துனேன்னு சொன்னீங்க. எவ்வளவுன்னும் சொன்னீங்க. அளந்து பார்த்தேன், சரியா இருந்துச்சு. வேற எப்படி எழுதுறது?" என்று சொல்லிவிட்டுச் சுரண்டப் போய்விட்டார்.

இதையெல்லாம் அந்த லெக்சரர்களிடம் சொன்னபோது ஒருவர் கல்வெட்டு வாசகத்தை மெல்ல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர் குறும்புக்காரர்.

"அப்ப அம்மாவோட கண்டுபிடிப்புல ஒங்க பங்கும் இருக்குன்னு சொல்லுங்க பாய். எவ்வளவு இருக்கும்?"

'கொஞ்சம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பது போல ஒரு கூச்சம். விழுங்கிக்கொண்டேன்.

"ரெண்டரைக் கோடு" என்றேன்.